கக்கும் குழந்தை: பயப்பட வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது?

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வாரம். பால் குடித்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் குடித்ததில் பாதி என் தோளில் வழியும். படுக்க வைத்தால் முதுகை வில்லாக வளைத்து அழுவாள். இரண்டு வாரத்துக்குள் பவுடர் பாலை மூன்று முறை மாற்றினோம். சாய்வு மெத்தை ஒன்று வாங்கினோம். அமிலத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியாகப் பார்த்த குழந்தை நல மருத்துவர் அவளை எடைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எடை அழகாக ஏறுகிறது. நீங்கள் உங்கள் சட்டையைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். பிள்ளையைப் பாருங்கள்."

"கக்கின பிள்ளை தக்கும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது எரிச்சலாக இருந்தது. பெரும்பாலும் அது சரிதான் என்று பிறகு புரிந்தது. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சில குழந்தைகளுக்கு உடனடி சிகிச்சை தேவைப்படும். அதனால் எதை எந்த வரிசையில் செய்திருந்தால் எங்களுக்குத் தூக்கமும் பணமும் மிச்சமாகியிருக்குமோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. முதல் வேலை: ஆபத்து அறிகுறி உண்டா என்று பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

- வாந்தி பச்சையாக இருக்கிறது. பச்சை என்றால் பித்தம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது.
- வாந்தியில் ரத்தம், அல்லது காப்பித்தூள் போன்ற துகள்கள்.
- ஒவ்வொரு முறை பால் குடித்த பின்னும் பீய்ச்சியடிப்பது போல வாந்தி, அடுத்த நிமிடமே மறுபடியும் பசி. இரண்டிலிருந்து எட்டு வாரக் குழந்தையிடம் இதைப் பார்த்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயில் தடித்து அடைபட்டிருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். ஆனால் தாமதித்தால் உடலில் நீர் வற்றிவிடும்.
- மூச்சு நின்று நின்று வருகிறது, அல்லது உதடு நீலமாகிறது.
- வயிறு உப்பிக் கெட்டியாக இருக்கிறது, உச்சிக்குழி புடைத்திருக்கிறது, அல்லது எழுப்பினாலும் எழாத அளவுக்குச் சோர்வு.
- மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல்.

இவை தவிர இன்னும் சில உண்டு. எடை ஏறாமல் இருப்பது, தொடர்ந்து பாலை மறுப்பது, சிறுநீர் நனைத்த டயப்பர்கள் திடீரெனக் குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது சளி, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்க ஆரம்பிப்பது. டயப்பர் நனைவது வெகுவாகக் குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். மற்றவற்றை ஓரிரு நாளுக்குள் காட்டிவிட வேண்டும்.

2. உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிறு மாதிரி. குழந்தைக்கு அது இன்னும் முதிரவில்லை, நினைத்த நேரத்தில் தளர்ந்துவிடும். சிறிய வயிறு, முழுக்கத் திரவ உணவு, நாளெல்லாம் படுத்த நிலை. இந்த மூன்றும் சேர்ந்தால் பால் மேலே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வந்த பால் தயிர் மாதிரி திரிந்து புளித்த வாடை அடித்தால் பயப்படாதீர்கள். இரைப்பை அமிலம் பட்டால் பால் திரியத்தான் செய்யும். திரியாமல் அப்படியே வந்தால் அது குடித்த உடனே வந்தது, அவ்வளவுதான்.

எங்களை ஏமாற்றிய இடம் இது: கக்குவது எல்லாமே அமிலத்தால் என்று நினைத்தோம். உண்மையில் பால் குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை வயிற்றில் இருக்கும் பாலே அமிலத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் மேலே வருவதில் அமிலம் அதிகம் இருக்காது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தும் என் சட்டை நனைந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது.

கக்கிவிட்டுச் சிரிக்கிற, நன்றாகக் குடிக்கிற, எடை ஏறுகிற குழந்தைக்கு இருப்பது வெறும் எதுக்களிப்பு. அதற்குச் சிகிச்சை தேவையில்லை, துணிதான் தேவை. எடை ஏறாமல், குடிக்க மறுத்து, வலியில் துடித்தால்தான் அது எதுக்களிப்பு நோய். வெளியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், பெற்றோர் குழம்புவதும் இங்கேதான்.

3. கக்கும் அளவை அளந்து பாருங்கள்

"குடித்ததை எல்லாம் வெளியே தள்ளிவிட்டாள்" என்று நாங்கள் தினமும் சொன்னோம். ஒருநாள் ஒரு மேசைக்கரண்டி பாலை, அதாவது 15 மி.லி.யை, உலர்ந்த துணியில் ஊற்றிப் பார்த்தேன். கறை உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பரவியது. அவள் வழக்கமாகக் கக்கும் கறையும் ஏறக்குறைய அதே அளவுதான். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். செலவு ஒரு கரண்டி பால், லாபம் பாதி பயம் போவது.

4. மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் போதும். நேரம், குடித்த அளவு (தாய்ப்பால் என்றால் எத்தனை நிமிடம்), ஏப்பம் வந்ததா, கக்கிய நேரமும் தோராய அளவும், அழுத நேரம், நனைந்த டயப்பர் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஆறோ அதற்கு மேலோ டயப்பர் நன்றாக நனைந்தால் உள்ளே போதுமான பால் போகிறது என்று பொருள்.

எங்கள் குறிப்பிலிருந்து தெரிந்த விஷயம் எங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவள் அழுதது பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில். கக்கியதோ நாள் முழுக்க. இரண்டையும் நாங்களாகவே முடிச்சுப் போட்டிருந்தோம். கைக்குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். எதுக்களிப்பு இல்லாத குழந்தைகளும் அப்படித்தான் அழும்.

5. பால் கொடுக்கும் முறையைச் சரி செய்யுங்கள்

மருந்துக்கும் பால் மாற்றத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. எங்கள் வீட்டில் மிக அதிகப் பலன் கிடைத்ததும் இதில்தான்.

புட்டிப்பால் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். முதல் வாரம் தாண்டிய, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 150 மி.லி. என்பது பொதுக் கணக்கு. எங்கள் மகள் அப்போது 4.2 கிலோ. 4.2 பெருக்கல் 150, நாளொன்றுக்கு 630 மி.லி. எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 80 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 110. கக்கியதை ஈடுகட்ட வேண்டும் என்று ஊற்றினோம், ஊற்றியதால் கக்கினாள், கக்கியதால் மேலும் ஊற்றினோம். தேவைக்கு மேல் நாளுக்கு 250 மி.லி. போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கு ஒரு திசைகாட்டி மட்டுமே. குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், குறைமாதக் குழந்தை என்றால் கட்டாயம் கேளுங்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்குப் பாலைக் குறைக்கவே கூடாது. நாளின் மொத்த அளவைக் குறைக்காமல், வேளைகளைக் கூட்டி ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சமாகக் கொடுப்பதும் ஒரு வழி.

பிறகு கொடுக்கும் விதம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடியுங்கள். புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல், நிப்பிள் மட்டும் பாலால் நிறையும் அளவுக்குச் சாயுங்கள். இருபது முப்பது முறை உறிஞ்சியதும் புட்டியைக் கொஞ்சம் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். நிப்பிளின் ஓட்டை பெரிதாக இருந்தால் பால் தொண்டைக்குள் கொட்டும், குழந்தை காற்றோடு சேர்த்து விழுங்கும். பவுடரைக் குலுக்கிக் கரைத்தால் நுரை அடங்கும் வரை வையுங்கள், அல்லது கரண்டியால் கலக்குங்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் வேளை முடிந்தது. புட்டியில் 20 மி.லி. மீதம் இருக்கிறதே என்று மறுபடி திணிப்பது நாங்கள் செய்த பெரிய தவறு.

தாய்ப்பால் என்றால் அதை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கக்குகிறது என்பதற்காகத் தாய்ப்பாலை விட்டுப் பவுடருக்கு மாறுவது எதையும் தீர்க்காது. குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா என்று தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பால் வேகமாகப் பீறிட்டுக் குழந்தை புரையேறினால், அம்மா பின்னால் சாய்ந்துகொண்டு குழந்தையைத் தன் மேல் படுக்க வைத்துக் கொடுத்தால் வேகம் மட்டுப்படும்.

இன்னொரு சின்ன விஷயம்: டயப்பரைப் பால் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு காலைத் தூக்கினால் பால் எங்கே போகும்? டயப்பரின் இடுப்புப் பட்டியும் இறுக்கமாக இருக்க வேண்டாம்.

6. ஏப்பமும் அரைமணி நேரமும்

புட்டிப்பால் என்றால் 30 முதல் 60 மி.லி.க்கு ஒரு முறை, தாய்ப்பால் என்றால் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாற்றும்போது ஏப்பம் எடுக்க முயலுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வரவில்லை என்றால் விட்டுவிடலாம். ஏப்பம் வந்தே தீர வேண்டும் என்று முதுகில் தட்டித் தட்டியே பாலை வெளியே வரவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

குடித்த பின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். குலுக்கி விளையாடுவதெல்லாம் பிறகு. குப்புறப் படுக்க வைத்துப் பழக்குவதும் வயிறு காலியாக இருக்கும்போதுதான், அதுவும் விழித்திருக்கும்போது, கண் முன்னே மட்டும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, "நிமிர்ந்துதானே இருக்கிறது" என்று கார் இருக்கையிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார வைப்பது. அதில் குழந்தையின் உடல் மடங்கி வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடவே செய்யும். இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது. அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். குழந்தை உங்களுக்கும் மெத்தைக்கும் இடையில் சரிந்து மூச்சு முட்டலாம். நான் ஒரு முறை அப்படிக் கண் அயர்ந்து, திடுக்கிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து இரவு வேளையில் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் தூக்கி வைத்திருந்தேன். கண் சொருகினால் அரைமணிக் கணக்கை மறந்துவிட்டு, குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள்.

7. தூங்க வைப்பது: மல்லாக்க, சமமாக

இதில் பேரம் இல்லை. எதுக்களிப்பு உள்ள குழந்தையையும் சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. தலையணை கூடாது. மெத்தையின் தலைப்பக்கம் புத்தகம் வைத்து உயர்த்துவதும் கூடாது, அதனால் எதுக்களிப்பு குறைவதில்லை. குழந்தை சறுக்கிக் கீழே வந்து கழுத்து மடங்கி மூச்சுப் பாதை அடைபடும் அபாயம்தான் மிச்சம்.

"மல்லாக்கப் படுத்தால் கக்கும்போது புரையேறாதா?" நானும் இப்படிப் பயந்தவன்தான். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும்.

நாங்கள் வாங்கிய சாய்வு மெத்தையை நான்காம் நாளே மூட்டைகட்டி வைத்தோம். தூங்க வைப்பதற்கென்று விற்கப்படும், 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது. "எதுக்களிப்புக்கு உகந்தது" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

8. எதற்குச் செலவு செய்யலாம்

நிறையப் பருத்தித் துணிகள், மெதுவாகப் பால் வரும் நிப்பிள் இரண்டு மூன்று, மெத்தைக்கு இறுக்கமாகப் பொருந்தும் நீர்புகா உறை. இவ்வளவுதான். பால் வழியாமல் கழுத்தில் கட்டும் துணியைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

செலவு செய்யக் கூடாத பட்டியல்தான் நீளம். சாய்வு மெத்தை, ஆப்புத் தலையணை, வாரம் ஒரு புதிய பால் பவுடர். ஒரு பவுடரிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் பெரிய டப்பா வாங்காதீர்கள், மிகச் சிறிய அளவில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் பாதி பயன்படுத்திய மூன்று டப்பாக்கள் தேதி முடியும் வரை அலமாரியில் உட்கார்ந்திருந்தன.

கிரைப் வாட்டர் எதுக்களிப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் தண்ணீரும் தேவையில்லை. ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, பொட்டுலிசம் என்ற நரம்பு நச்சு நோய் வரலாம். பாலில் மாவு கலந்து கெட்டியாக்குவதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். சில குழந்தைகளுக்கு மருத்துவர் கெட்டியாக்கிய பாலைப் பரிந்துரைப்பார், அதற்கென்று தயாரான பவுடர்களும் உண்டு. ஆனால் அவற்றில் சில, வயிற்று அமிலம் பட்டால்தான் கெட்டியாகும். அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் வீண்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவது இந்தப் பட்டியலில் காசு மிச்சமாகும் ஒரே சிகிச்சை.

9. மருத்துவரிடம் எதை எடுத்துப் போக வேண்டும்

எடை பதிந்த தடுப்பூசி அட்டை. எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடுவது இயல்பு, அதாவது வாரத்துக்கு 140 முதல் 210 கிராம். வெவ்வேறு எடை இயந்திரங்களில் பார்த்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே இயந்திரத்தில், துணியும் டயப்பரும் இல்லாமல் எடை பாருங்கள். வீட்டில் தினமும் எடை பார்ப்பதும் வேண்டாம், வாரம் ஒரு முறை போதும்.

அடுத்து அந்த மூன்று நாள் குறிப்பு, பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சுருக்க அறிக்கை, இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டுகள், பால் டப்பாவின் லேபிள் படம். முக்கியமாக ஒரு நிமிட வீடியோ. குழந்தை முதுகை வளைப்பதையும் கழுத்தைத் திருகுவதையும் நீங்கள் சொல்லில் விவரித்தால் மருத்துவர் ஒன்றை நினைப்பார், வீடியோவில் வேறொன்றைப் பார்ப்பார். எதுக்களிப்பால் வரும் வளைவுக்கும் வலிப்புக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் பிடிபடும். பச்சை வாந்தியோ என்று சந்தேகம் இருந்தால் துணியையே எடுத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. எடுத்த எடுப்பில் பெரிய பரிசோதனைப் பட்டியல் நீட்டப்பட்டால், "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" என்று பணிவாகக் கேளுங்கள். உணவுக்குழாயில் மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலத்தைப் பதிவு செய்வது போன்றவை, நோய் சிக்கலாக இருக்கும் சிலருக்கு மட்டுமே.

10. பசும்பால் ஒவ்வாமையும் மருந்தும்

கக்குவதோடு தோலில் கரப்பான், மலத்தில் ரத்தம் அல்லது சளி, குடும்பத்தில் ஒவ்வாமை வரலாறு இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். வெளியில் பார்க்க எதுக்களிப்பு போலவே இருக்கும். மருத்துவர் சொன்னால் இரண்டு முதல் நான்கு வாரம் சோதனை: தாய்ப்பால் கொடுப்பவர் பால் பொருட்களை முழுவதும் விலக்க வேண்டும், புட்டிப்பால் குழந்தைக்குப் புரதம் நன்கு உடைக்கப்பட்ட சிறப்புப் பவுடர். குணம் தெரிந்த பிறகு, மருத்துவர் சொல்லும் விதத்தில் பழைய பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் ஒவ்வாமை உறுதியாகும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிட்டு, தேவையில்லாமல் மாதக்கணக்கில் விலை உயர்ந்த பவுடரை வாங்குகிறார்கள். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லாத பாலும் ஆட்டுப்பாலும் இதற்கு மாற்று ஆகாது. சிறப்புப் பவுடருக்குக் காப்பீடு ஏதும் உதவுமா என்று விசாரியுங்கள், காரணத்தை எழுதிய சீட்டு ஒன்றை மருத்துவரிடம் கையோடு வாங்கிவையுங்கள்.

ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகள் எதுக்களிப்பு நோய்க்கு உரியவை. அழுகைக்கும் கக்குவதற்கும் மட்டும் கொடுத்துப் பயனில்லை. வயிற்று அமிலம் கிருமிகளுக்குக் காவல்காரன். அதைக் குறைத்தால் நுரையீரல், குடல் தொற்றுகள் வரும் வாய்ப்புக் கூடும். மருத்துவர் எழுதினால், எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, எதைப் பார்த்துப் பலன் தெரிந்தது என்று முடிவு செய்வது ஆகிய மூன்றையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசீலனை செய்வார்கள். மூத்த குழந்தைக்கு எழுதிய பழைய சீட்டை எடுத்து நீட்டாதீர்கள். அதில் ரானிடிடின் என்ற அமிலம் குறைக்கும் மருந்து இருக்கலாம். புற்றுநோய் அபாயமுள்ள மாசு கண்டறியப்பட்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2020இல் அதை விலக்கிவிட்டார்கள். டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தையும் நீங்களாக வாங்கித் தரக் கூடாது, இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்.

11. எவ்வளவு காலம்?

பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் தொடங்கும். நான்காவது மாதத்தை ஒட்டி உச்சம். உட்காரத் தொடங்கி, திட உணவும் ஆரம்பித்தபின் குறையும். ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். ஒரு வயது தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று, குறைந்தது ஒரு வாரம். ஒரே நாளில் பவுடரையும் நிப்பிளையும் மருந்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது மாதம் அழுகை தானாகக் குறையும்போது, அந்த வாரம் கையில் எது இருந்ததோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

இரவில் அழுகை தாங்க முடியாமல் கை நடுங்கினால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். குழந்தையைக் குலுக்கவே கூடாது. நானும் மனைவியும் இரவை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு மணி வரை அவள், அதன் பிறகு நான். என் முறை முடியும்போது விடிந்திருக்கும், தோளில் ஒரு கறை இருக்கும். ஏழாவது மாதத்தில் ஒருநாள் காலையில் அது இல்லை. அன்றைக்கு நான் கவனிக்கவேயில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் மனைவி சொன்னாள்.